மின்கம்பி எட்டாத இடத்தில் கேம்பர்வேனைக் குளிர்விப்பது எப்படி?

தெலுக் பாஹாங் கடற்கரையிலும் பாலிக் புலாவ் தோட்டங்களின் ஓரத்திலும் கேம்பர்வேனை நிறுத்தி, குடும்பத்தோடு இரவைக் கழிப்பவர்களை இப்போது பினாங்கில் பார்க்க முடிகிறது. வேனை வாங்க நினைக்கும் நம்மவர்களின் பேச்சில் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்துவிடும். எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) ஏர்கோன் போட வேண்டும்? எத்தனை ஆம்பியர் பேட்டரி வாங்க வேண்டும்? இந்த இரண்டுக்கும் விடை தருவது மூன்றாவது கேள்வி ஒன்றுதான். ஆனால், வேனுக்குள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் நுழைகிறது என்ற அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காததால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவழித்தும் விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்துகொள்ளும் நிலை பலருக்கு ஏற்படுகிறது. மின்சாரம் பற்றி எதுவும் அறியாதவரும் அந்தக் கேள்விக்குத் தாமே விடை கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

குளிர்சாதனம் என்ன வேலை செய்கிறது?

கசியும் சம்பான் ஒன்றில் அமர்ந்து, உள்ளே வரும் நீரை வாளியால் இறைத்துக் கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே கசியும் நீர்தான் வேனுக்குள் வரும் வெப்பம், வாளி குளிர்சாதனம், இறைப்பவரின் கைவலு பேட்டரி. கசிவு சிறிதாக இருந்தால் சிறு வாளியும் கொஞ்சம் வலுவும் போதும். கசிவு பெரிதாக இருக்கும்போது வாளியை மட்டும் பெரிதாக்கினால் கை இன்னும் விரைவில் ஓய்ந்துவிடும்.

குளிர்சாதனமும் உண்மையில் இறைக்கும் வேலையைத்தான் செய்கிறது. அது குளிர் என்ற ஒன்றை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சும். அந்த ஆவி மீண்டும் திரவமாகும்போது உறிஞ்சிய வெப்பத்தை வெளிவிடும். குளிர்சாதனக் குழாய்க்குள் ஓடும் குளிர்பதனி, அதாவது நாம் 'கேஸ்' என்று சொல்லும் பொருள், மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கக்கூடியது. இன்று பரவலாகப் பயன்படும் ஆர்32 என்ற குளிர்பதனி, சாதாரணக் காற்றழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது உள்ளிருக்கும் சுருள்குழாயில் தாழ்ந்த அழுத்தத்தில் ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரெசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி வெளிச் சுருளுக்கு அனுப்புகிறது. வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் அது அங்கே தன் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகி, ஒரு குறுகிய வழியில் அழுத்தம் குறைந்து மீண்டும் உள்ளே வருகிறது. இது மூடிய சுற்று என்பதால் கேஸ் செலவாகித் தீர்ந்துபோகும் பொருள் அன்று. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

மின்சாரம் இங்கே வெப்பத்தை இடம் மாற்றுவதற்கு மட்டுமே செலவாகிறது. அதனால் 1 வாட் மின்சாரத்தைக் கொண்டு ஏறக்குறைய 3 வாட் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. இந்த விகிதத்தைச் செயல்திறன் விகிதம் என்று அழைப்போம். வெளியே எந்த அளவுக்குச் சூடாக இருக்கிறதோ அந்த அளவுக்கு இது குறையும். வெளிச் சுருள் தகிக்கும் தார்ச்சாலையை ஒட்டியோ காற்றோட்டம் இல்லாத மூலையிலோ பொருத்தப்பட்டிருந்தாலும் குறையும்.

சுருக்கமாக, குளிர்சாதனம் வெப்பத்தை இறைக்கும் பம்பு. எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை உள்ளே வரும் வெப்பமும் செயல்திறன் விகிதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

எச்.பி., வாட், வாட்-மணி

மலேசியக் கடைகளில் 1 எச்.பி. என்று விற்கப்படும் குளிர்சாதனம், மணிக்குச் சுமார் 9,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் அளவுடையது. வாட் கணக்கில் இது ஏறக்குறைய 2,600. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்று பள்ளியில் படித்த பலர், இந்த இயந்திரம் எப்போதும் 746 வாட் மின்சாரம் இழுக்கும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கடையில் சொல்லப்படும் எச்.பி. குளிர்விக்கும் அளவைக் காட்டும் வழக்குச்சொல் மட்டுமே. மின்செலவு வேறு எண். அது இயந்திரத்தின் முதுகில் உள்ள தகட்டில் வாட் கணக்கில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.

வாட் என்பது ஒரு கணத்தில் மின்சாரம் செலவாகும் வேகம். அந்த வேகம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 200 வாட் இழுக்கும் கருவி 8 மணி நேரம் ஓடினால் 1,600 வாட்-மணி செலவாகும். பேட்டரியில் இருப்பது வாட்-மணிதான். அதில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர்-மணியை மின்னழுத்தத்தால் பெருக்கினால் அது தெரிந்துவிடும். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2,560 வாட்-மணி உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது சுமார் 2,050 வாட்-மணியை, பேட்டரியின் ஆயுள் கெடாமல் எடுக்கலாம். பழைய ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அது விரைவில் பழுதாகிவிடும். ஆகவே அதே அளவு அச்சிடப்பட்ட ஈய பேட்டரி நடைமுறையில் மிகவும் சிறியது என்றே கொள்ள வேண்டும்.

வெப்பம் எந்தெந்த வழியில் வருகிறது?

கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வழி வெயில். பினாங்கும் கோலாலம்பூரும் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், மார்ச் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலும் மறுபடி செப்டம்பரிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆண்டின் மற்ற நாள்களிலும் நண்பகலில் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. அதனால் வேனின் பக்கச்சுவர்களைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் வெயில் விழும். 5 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் கொண்ட கூரையில் அது 8,500 வாட்! வெள்ளை நிறக் கூரை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புக் கூரை ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும். அழகுக்காகக் கறுப்பு வேனைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஒரு முடிவாலேயே பின்னால் எத்தனை பேட்டரி வாங்கினாலும் ஈடுகட்ட முடியாத சுமையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நாட்டில் 'மதியம்' கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றே கால் மணியளவில்தான். மாலை ஐந்து மணிக்கும் வெயில் காய்வதற்கு அதுவே காரணம். நிழல் பார்த்து வேனை நிறுத்துபவர்கள், பன்னிரண்டு மணி நிழலை நம்பாமல் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்த்து நிறுத்துவது நல்லது.

கண்ணாடி வழியாக வரும் வெயில் இன்னும் மோசமானது. கூரையில் விழும் வெப்பத்தை, உட்புறம் ஒட்டும் வெப்பத் தடுப்புப் பஞ்சு மெதுவாக்கும். கண்ணாடியோ வெயிலை நேராக உள்ளே விட்டுவிடும். முன்கண்ணாடியில் மட்டும் பல நூறு வாட் உள்ளே வரக்கூடும். உள்ளே இருக்கை சூடாகி வெளிவிடும் வெப்பக்கதிர் அதே கண்ணாடி வழியாக வெளியேற முடியாது. பளபளப்பான மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே போட்டால், வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே திரும்பிவிடும். உள்ளே போடுவதும் பயன் தரும். ஆனால் அங்கே உறிஞ்சப்படும் பங்கு வேனுக்குள்ளேயே தங்கிவிடும்.

இரண்டாவது வழி, சுவர் வழியாகக் கடந்து வருவது. இது வெளி வெப்பநிலைக்கும் உள் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 27 டிகிரி இருக்கும் இரவில் உள்ளே 24 டிகிரி வைத்தால் வேறுபாடு 3. உள்ளே 26 வைத்தால் வேறுபாடு 1. ரிமோட்டில் இரண்டு டிகிரி கூட்டுவதால் சுவர் வழியாக வரும் வெப்பம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மனிதர் மேல் படும்படி சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிட்டால் 26 டிகிரியிலும் இதமாகத் தூங்கலாம். விசிறிக்குப் பத்திருபது வாட்தான் செலவு.

மூன்றாவது வழி, நம் ஊரில் பெரும்பாலோர் கவனிக்காதது: ஈரம். பினாங்கின் இரவுக் காற்றில் ஒவ்வொரு கன மீட்டரிலும் 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். அந்த நீராவி குளிர்ச் சுருளில் பட்டு நீராக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் இப்படிச் சொட்டுவதற்குக் குளிர்சாதனம் சுமார் 680 வாட்-மணி வெப்பத்தை இறைத்தாக வேண்டும். வெப்பமானி ஒரு டிகிரிகூட இறங்காமல் இவ்வளவு வேலையும் நடந்துவிடும். கதவை அடிக்கடி திறப்பதும், உள்ளே சோறு வடிப்பதும், ஈரத் துண்டைக் காயப்போடுவதும் இந்தச் சுமையைத்தான் கூட்டுகின்றன. வறண்ட நாடுகளின் பயணிகள் காணொளிகளில் புகழும் ஈரத்திரைக் குளிர்விப்பான் நமக்கு உதவாததும் இதே காரணத்தால்தான். அது நீரை ஆவியாக்கியே குளிர்விக்கிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது.

கடைசியாக நம் உடல். தூங்கும் ஒருவர் சுமார் 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார்.

ஆக, பகலில் வெயிலும் இரவில் ஈரமும் முதன்மைச் சுமைகள். சம்பானின் ஓட்டைகள் இவைதாம். வாளி வாங்கும் முன் இவற்றை அடைக்க வேண்டும்.

ஓர் இரவின் கணக்கு

உட்புறம் முழுவதும் தடுப்புப் பஞ்சு ஒட்டிய வெள்ளை வேன் ஒன்று, இருவர், வெளியே 27 டிகிரி, உள்ளே 25 டிகிரிக்குச் சற்றுக் கீழே என்று வைத்துக்கொள்வோம். சுவர் வழியாகச் சுமார் 130 வாட் வரும். இருவரின் உடல் 150 வாட் தரும். மூச்சுவிடுவதற்குத் தேவையான புதிய காற்றைச் சிறிய இடைவெளி வழியாக உள்ளே விட்டால், அதன் ஈரத்தையும் சூட்டையும் அகற்ற ஏறக்குறைய 250 வாட் வேண்டும். மொத்தம் 530 வாட் வெப்பம். செயல்திறன் விகிதம் 3 என்றால் மின்செலவு 180 வாட் அளவில் இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு 1,440 வாட்-மணி; பேட்டரி மின்சாரத்தை மாற்றும் கருவியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 1,600 முதல் 1,700 வரை. முன்பு பார்த்த 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இதைத் தாங்கிவிடும்.

புதிய காற்றுக்குச் செலவாகும் 250 வாட்டை மிச்சப்படுத்தலாம் என்று எல்லா இடைவெளிகளையும் அடைத்துவிடக் கூடாது. சிறிய வேனுக்குள் கரியமில வாயு விரைவில் கூடி, தலைவலியோடு எழ நேரிடும்.

பகலில் ஏன் கணக்கு உதைக்கிறது?

அதே வேன் திறந்த வெயிலில் நின்றால் 2,000 வாட்டுக்கு மேல் வெப்பம் வருவது இயல்பு. வெளிச்சூட்டால் செயல்திறன் விகிதமும் குறைந்துவிடுவதால் மின்செலவு 800 வாட்டை எட்டும். ஆறு மணி நேரத்துக்கு 4,800 வாட்-மணி, அதாவது மூன்று இரவுகளின் செலவு. இதைப் பெரிய பேட்டரியால் சமாளிக்க முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பகலில் வேனைவிட்டு வெளியே இருப்பதும், நிழலில் நிறுத்துவதும், கதவுகளைத் திறந்துவைப்பதுமே செய்யத் தக்கவை. பாலிக் புலாவில் டுரியான் மரத்தடியில் மட்டும் பருவகாலத்தில் நிறுத்தாதீர்கள்; விழும் பழம் கூரையையும் ஆளையும் காயப்படுத்தும்.

குளிர்சாதனமே வேண்டாம் என்றால் மலையேறலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள கேமரன் மலையின் தானா ராத்தாவில் இரவில் போர்வைதான் தேவைப்படும்.

பேட்டரியை நிரப்பும் வழிகள்

மலேசியாவில் சோலார் தகடு ஒன்று நாளொன்றுக்கு, அதன் முழுத்திறனில் 4 முதல் 5 மணி நேரம் உழைத்ததற்கு ஈடான மின்சாரத்தைத் தரும். 400 வாட் தகடுகளில் இருந்து, இழப்புகள் போக, 1,200 முதல் 1,400 வாட்-மணி வரை எதிர்பார்க்கலாம். தகடு சூடாகும்போது அதன் உற்பத்தி குறைகிறது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 25 டிகிரிக்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைவதால், 65 டிகிரியில் தகிக்கும் தகடு ஏழில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும். தகட்டைக் கூரையோடு ஒட்டாமல் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினால், காற்றோட்டத்தால் தகடும் குளிரும், கூரைக்கும் நிழல் கிடைக்கும். சூரியன் உச்சியை ஒட்டியே செல்வதால் தகட்டைச் சாய்த்து வைக்கும் சிரமமும் நமக்கு இல்லை.

நிழலில் நின்றால் வேன் குளிரும், ஆனால் கூரைத் தகடு வேலை செய்யாது. இந்த முரணுக்கு நல்ல தீர்வு, மடக்கு தகடு ஒன்றை நீண்ட கம்பியுடன் வாங்கி, வேனை நிழலிலும் தகட்டை வெயிலிலும் வைப்பது.

அதிகம் பேசப்படாத மற்றொரு வழி, வேனை ஓட்டுவது. ஓடும் இயந்திரத்தோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் இருந்து, இடையில் ஒரு மின்னூட்டக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக, 30 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 390 வாட்-மணி சேரும். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய ஓர் இரவுக்குத் தேவையான அளவு நிரம்பிவிடும். கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் லித்தியம் பேட்டரியை நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம்.

எந்த வகைக் குளிர்சாதனம்?

கம்ப்ரெசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையே பொருத்தமானது. பழைய வகைக் கம்ப்ரெசர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து வேனின் மின்மாற்றுக் கருவியைத் திணறடிக்கும். வேக மாற்றமுள்ளது மெதுவாகத் தொடங்கி, தாழ்ந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓடும். அப்படி ஓடும்போதுதான் அதன் செயல்திறன் விகிதம் உயர்ந்திருக்கும், ஈரமும் நன்றாக அகலும். தேவைக்கு மிஞ்சிய பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுவதால் ஈரம் அப்படியே தங்கி, உடல் பிசுபிசுக்கும்.

ஒற்றைக் குழாய் கொண்ட நகர்த்தும் குளிர்சாதனத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது உள்ளறைக் காற்றையே எடுத்து வெப்பத்தோடு வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஈரக்காற்று எல்லா இடுக்குகள் வழியாகவும் நுழையும். அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்படும் கூரைக் குளிர்சாதனங்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றவை என்பதையும் வாங்கும் முன் கவனியுங்கள். நம்முடையது 50 ஹெர்ட்ஸ், மின்னழுத்தமும் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உள்பகுதியும் வெளிப்பகுதியும் தனித்தனியாக உள்ள, வீட்டுக்கான பிரிப்பு (ஸ்ப்ளிட்) வகையை வேனில் பொருத்துபவர்கள், ஓட்டத்தின் அதிர்வால் செப்புக்குழாய் இணைப்புகள் தளர்ந்து கேஸ் கசியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

12 வோல்ட்டில் 600 வாட் எடுத்தால் 50 ஆம்பியர் பாயும். 24 வோல்ட்டில் அதில் பாதி. கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வீணாவது கால்பங்காகிறது. எதுவாயினும் கம்பி தடிமனாக இருக்க வேண்டும், பேட்டரி முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடித்தால் உள்ளே தூங்குபவர்களுக்கு வெளியேற நேரம் கிடைக்காது. இதை ஒரு தேர்ந்த வயர்மேனிடம் விடுவதே பாதுகாப்பு.

இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கலாமா?

கூடாது. பேட்டரி தீர்ந்ததும் வேனின் இயந்திரத்தை இயக்கி, வண்டிக் குளிர்சாதனத்தில் தூங்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தூங்குபவர் மயக்கத்திலேயே இறந்துவிடுகிறார். நின்ற வண்டியைச் சுற்றிப் புகை தேங்கும்போது, தரையில் உள்ள சிறு துளையே அது உள்ளே வரப் போதும். வேனை ஒட்டி வைத்த ஜெனரேட்டருக்கும் இதே அபாயம் உண்டு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை, படுக்கும் தலைமாட்டுக்கு அருகே பொருத்துங்கள். பேட்டரி தீர்ந்த இரவில் இயந்திரத்தை நிறுத்தி, கொசுவலை கட்டிய சன்னல்களைத் திறந்து, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். அதற்கென்று 100 முதல் 150 வாட்-மணியை எப்போதும் ஒதுக்கி வைத்தால் போதும்; பேட்டரியின் கட்டுப்பாட்டுக் கருவியில் குளிர்சாதனம் தானாக நிற்கும் மின்னழுத்த வரம்பைச் சற்று உயர்த்தி வைத்தாலே அந்த அளவு மிஞ்சிவிடும்.